மிதுலாவின் மூச்சும் பேர்ச் நாற்றுகளும்

ஏப்ரல் 27, ஞாயிறு
மழை, குளிர். பேர்ச் விதை முளைத்துவிட்டது! சமையலறை ஜன்னலோரத் தட்டில், பச்சைப் புள்ளிகளாக. பின்வளவில் நின்ற வெள்ளைப் பட்டைப் பேர்ச் மரத்தை வண்டு அரித்து, போன இலையுதிர்காலம் வெட்டினார்கள். அதற்கு முன் பொறுக்கிய விதை. மார்ச் முழுக்க ஈர மண்ணோடு ஃப்ரிட்ஜில், குளிர் பட வேண்டுமாம். மண்ணால் மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும்.
இவர் எட்டிப் பார்த்தார். "உது மரமாகேக்கை நாங்கள் இருக்க மாட்டம்." சிரித்துக்கொண்டுதான்.
வாங்க: பால், மிதுலாவுக்கு அலர்ஜி மாத்திரை. பிள்ளைக்குத் தும்மல் நிற்கவில்லை.

மே 2, வெள்ளி
வெயில். கார்க் கண்ணாடியெல்லாம் ரோட்டு மரங்கள் கொட்டிய மஞ்சள் பூந்தூள். சில நாற்று அடி கறுத்துச் சாய்ந்துவிட்டது. தண்ணீர் குறைக்க வேண்டும். மிதுலா அப்பிளை ஒரு வாய் தின்றுவிட்டு, வாயெல்லாம் சொறியுது என்று எறிந்தாள்.

மே 6, செவ்வாய்
பள்ளிக்கூடத்திலிருந்து போன். மிதுலாவுக்கு மூச்சு இழுக்கிறது, அம்புலன்ஸ் வந்துவிட்டது என்று. வேலையிலிருந்து ஓடினேன். ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க், மருந்துப் புகை. பதினைந்து வயதுப் பிள்ளை, என் கையை விடவில்லை.
டொக்டர்: காற்றில் இப்போது பேர்ச் மகரந்தம், பெரும்பாலும் அதுதான்; அப்பிள் தின்று வாய் சொறிந்ததும் அதனாலாயிருக்கலாம். சோதித்துப் பார்க்க வேண்டும்.
இவர்தான் காரில் வீட்டுக்குக் கூட்டி வந்தார். வாசலில்: "அந்தத் தட்டை எறி."
"நாற்று நகமளவு கூட இல்லை. பூக்கவே பத்து வருசத்துக்கு மேலை செல்லும். தூள் வாறது ரோட்டிலை நிக்கிற பெரிய மரங்களிலை இருந்து."
"பிள்ளை மூச்சு விடேலாமல் கிடக்கேக்கை எனக்குப் பாடம் எடுக்கிறாய்."
மிதுலா சப்பாத்தைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மே 9, வெள்ளி
காலையில் புல்லெல்லாம் வெள்ளை. உறைபனி. ஜன்னலோரம் வெறுமை. தட்டு வெளியே, பின்படியில். நாற்றுகள் நிறம் செத்து, தொட்டதும் துவண்டன.
"வைச்சது நீங்கள்தானே?"
கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "ஓம்."
"எறியிறதெண்டால் எனக்கு முன்னாலை எறிஞ்சிருக்கலாம். உங்களுக்கு வெக்கமில்லையோ?"
இன்னும் சொன்னேன். எழுத விருப்பமில்லை. சாப்பாட்டுப் பெட்டியை எடுக்காமல் வேலைக்குப் போனார்.

மே 10, சனி
சலவை. மிதுலாவின் அறை வாசலில் இவர் குரல், மெல்ல: "நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்கு ஆறும்."
எதைச் சொல்லத் தேவையில்லை?

மே 11, ஞாயிறு
வெங்காயம் வெட்டும்போது மிதுலா வந்தாள். இன்ஹேலர் கையில்.
"அப்பா இல்லை அம்மா. நான்தான் வெளியிலை வைச்சனான்."
கத்தியை வைத்தேன்.
"கிச்சினுக்கை வரவே பயமாயிருந்தது. ஐ வாஸ் ஸ்கேர்ட். செத்துப்போவன் எண்டு நினைச்சன். அப்பா விடியக் கண்டிட்டு, தான் வைச்சதெண்டு சொல்லுறன் எண்டவர்."
கோபம் வந்தது. ஒரு கணம். பிறகு அவள் அழத் தொடங்கினாள், இழுத்து இழுத்து.
நாற்றில் மகரந்தம் இல்லை என்று வாசலில் நின்று இவரிடம் கத்தினேன். அவளிடம் உட்கார்ந்து சொன்னேனா? பயந்துபோன பிள்ளைக்கு, அம்மா மரத்துக்காகச் சண்டை பிடித்தது மட்டும்தான் கேட்டிருக்கும்.

மே 13, செவ்வாய்
தட்டின் மூலையில் நாலைந்து தப்பியிருக்கிறது. மிதுலாவுக்கு எல்லாம் விளக்கினேன். "அப்ப வைச்சிருங்கோ" என்றாள். ஆனால் தட்டைக் கண்டதும் கை இன்ஹேலரைத் தேடுகிறது. இங்கே வேண்டாம். ஒஷாவா நகரில் இவரின் தங்கை வீட்டில் பெரிய வளவு. போன் எடுத்தேன். "கொண்டு வாங்கோ அண்ணி."

மே 17, சனி
தூறல். இவரும் நானும் மட்டும். தட்டு என் மடியில். ஹைவேயில் நெரிசல்.
"ஏன் என்னட்டைப் பேச்சு வாங்கினீங்கள்? சொல்லியிருக்கலாமே."
"அவள் அப்பதான் ஒழுங்கா மூச்சு விடத் தொடங்கினவள்."
அஜாக்ஸ் நகரம் கழிந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டேன்.
"அழாதை. ரோட்டைப் பாக்க விடு" என்றார்.