பொருநை நிலையத்தில் வைஃபை இல்லை

பதிவு 1 · நிலாவின் தென்முனை, பொருநை நிலையம் · காலை 06:10

துளைப்பான் ஒழுங்காக ஓடுகிறது. நிலத்தடிப் பனி உருகித் தொட்டி முக்கால் நிறைந்திருக்கிறது. வடிகட்டி மாற்றியாயிற்று. காலைக்குப் பொட்டல உப்புமா, சிமெண்டே தேவலை.

இதைக் கேட்பவர் யாரோ, அவருக்காக: நான் கோமதிநாயகம், துளைப்புப் பொறியாளர், பாளையங்கோட்டைக்காரன். இங்கே நான் ஒருவன்தான். நான் பேசுவதை என் உடையில் இருக்கும் பதிவுக் கருவி எழுத்துத் தமிழாக்கிச் சேமிக்கும். திட்டினாலும், ரேடியோவில் பிறர் பேசினாலும் மட்டும் திருத்தாமல் அப்படியே போட்டுவிடும்.

இன்று மாலை நான்கு மணிக்குப் பிரிஜிட்டா ஓட்டிவரும் கலம் இறங்குகிறது. எனக்கு மாற்றாகச் சுடலைமணி வருகிறான். போன முறை எனக்கு முன்னால் இங்கே இருந்தவனும் அவன்தான்.

பதிவு 2 · 07:45

சூரியப் புயல் அடித்தது. பெரிய கணினி கருகிவிட்டது. அறை முழுக்க எரிந்த வாடை. தலைக்கவச ரேடியோ தப்பித்தது. ஆனால் அது கேட்க மட்டும்தான். நான் பேச வேண்டுமென்றால் வெளியே இருக்கும் ஆண்டெனா வேண்டும். அந்த ஆண்டெனா ஏதாவது ஒரு கணினி வைஃபை வழியாகச் சொன்னால்தான் வாய் திறக்கும். கம்பி செருக ஒரு ஓட்டைகூட வைக்கவில்லை. வரைபடம் போட்ட மகராசன் நல்லா இருக்கட்டும்.

பதிவு 3 · 09:20

ஆண்டெனாவைப் பார்க்க வெளியே போனேன். அதற்கு ஒன்றுமில்லை. இறங்குதளம்தான் விரிசல் விட்டிருக்கிறது. நடுவில் ஒரு வெடிப்பு, கை நுழைகிற அகலம். கம்பியை விட்டுப் பார்த்தேன், முழுக் கம்பியும் உள்ளே போய்விட்டது, அடி தட்டவில்லை. அடியில் இருந்த பனியை நம் துளைப்பான் உறிஞ்சி எடுத்துவிட்டது. மேலே வெறும் ஓடு.

கலம் அதன் மேல் உட்கார்ந்தால் இரண்டு பேரும் உள்ளே போய்விடுவார்கள். தள விளக்கைப் பிடுங்கினாலும் பயனில்லை, கலம் தன் வரைபடத்தை வைத்துத் தானாகவே அங்கேதான் இறங்கும். பிரிஜிட்டாவுக்குத் தெரிந்தால் கையால் ஓட்டி வடக்குச் சமவெளியில் இறக்கிவிடுவாள். நான்கு மணிக்குள் அவளிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கிடங்கில் சுடலைமணி விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது.

பதிவு 4 · 10:50

திறந்து உயிர் வரவே ஒரு யுகம் ஆனது. விசிறி கிரைண்டர் போலக் கத்துகிறது. வைஃபை படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி.

"சிக்கலைச் சரிசெய்" என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். யோசித்தது, யோசித்தது, "சிக்கல் எதுவும் இல்லை" என்றது. எளவு, சிக்கல் இல்லாமலா நான் உன்னிடம் வந்தேன்? இன்னொரு முறை அழுத்தினேன். "மேலும் உதவிக்கு இணையத்தில் தேடவும்."

டிரைவரைக் கழற்றி மாட்டினேன். அணைத்துப் போட்டேன். மடியில் வைத்துத் தட்டினேன். அதே சிவப்புக் குறி. அழுகை வருகிறது, கோபத்தில்தான்.

பதிவு 5 · 12:30

ரேடியோவில் அவர்கள் குரல் வந்தது. புயலால் இங்கே இரைச்சல், அதனால்தான் நான் பேசவில்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, நீங்க பேசாட்டாலும் நாங்க வந்துருவோம். மீன் ஊறுகா கொண்டாறேன்." இது பிரிஜிட்டா, தூத்துக்குடிக்காரி.

"அண்ணாச்சி, என் லேப்டாப்பு பத்திரமா கெடக்கா? ஆயுத பூசைக்கு அங்கன ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். அதுக்கு மட்டும் ஓரத்துலயும் சேத்து அப்பிட்டேன், பாத்துக்கிடுங்க." இது சுடலைமணி.

ஓரத்திலா! திருப்பிப் பார்த்தேன். முன் விளிம்பில் வரிசையாகச் சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். நடுப் பொட்டை நகத்தால் சுரண்டினால், அடியில் அரிசியளவு ஒரு சுவிட்சு. பக்கத்திலேயே வைஃபை அடையாளம். ஏலே சுடலை, நீ நல்லா இருப்பியா! சுவிட்சு அணைந்த நிலையில், சந்தனம் காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. காலையிலிருந்து நான் கும்பிட்டது பிள்ளையாரை இல்லை, இந்தப் பொட்டைத்தான்.

பதிவு 6 · 14:25

ஊக்கால் குத்திக் குத்தி எடுத்தேன். விரலில் ரத்தம். சுவிட்சு நகர்ந்தது. நீல விளக்கு எரிந்தது. சத்தம் போட்டுச் சிரித்தேன்.

"பொருநை" என்று பெயர் தெரிந்தது. பாஸ்வேர்டு போட்டேன், இணைந்தது, உடனே அறுந்தது. நாலு தடவை. லேப்டாப்பின் கடிகாரம் செத்துப்போய் பழைய ஆண்டைக் காட்டுகிறது என்று பிறகுதான் கவனித்தேன். எந்தக் காலத்து ஆள் நீ என்று ஆண்டெனா வெளியே தள்ளியிருக்கிறது. இன்றைய தேதி போட்டேன். இப்போது அறுபடவில்லை. இணைந்துவிட்டது. முருகா!

பதிவு 7 · 14:50

தட்டினேன்: "பிரிஜிட்டா, தளம் உடைந்திருக்கிறது. அடியில் பள்ளம். தளத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது. வடக்கே இறங்கு." அனுப்பு என்று அழுத்தினேன்.

திரை நீலமானது. "அப்டேட்டுகள் நிறுவப்படுகின்றன. கணினியை அணைக்க வேண்டாம். 2%."

சவத்த மூதி! நான் கேட்டேனா உன்னிடம் அப்டேட்? இத்தனை நாள் பட்டினி கிடந்த பிசாசு, இணைப்புக் கிடைத்ததும் பூமியிலிருந்து அள்ளித் தின்கிறது. என் செய்தி போனதா, தொண்டையில் நிற்கிறதா, தெரியவில்லை. பாதியில் அணைத்தால் திரும்ப எழவே எழாது.

பதிவு 8 · 15:30

61%. கலம் இறங்கத் தொடங்கிவிட்டது. ரேடியோவில் பிரிஜிட்டா இன்னும் அந்தத் தளத்தில் இறங்குவதாகவே சொல்லிக்கொண்டிருக்கிறாள். செய்தி போகவில்லை.

கடைசி சில நிமிடங்களில் கலத்தின் கீழ்க் கேமரா திறக்கும். தளத்தின் நடுவில் ஆள் நின்றால் அவள் கண்ணில் படும். ஓரத்தில் நின்றால் தெரியாது, கேமரா நடுவை மட்டும்தான் பார்க்கும். ஓடு என் எடையைத் தாங்கலாம். இங்கே எனக்கு ஒரு குழந்தை எடைதான். பயமாக இருக்கிறது. ஆனால் இதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

லேப்டாப்பை ஓடவிட்டுப் போகிறேன், அப்டேட் முடிந்தால் செய்தி தானாகப் போகலாம். 64%.

பதிவு 9 · 15:51 · வெளியே

நடுவில் நிற்கிறேன். தலைவிளக்கை எரியவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் பெருக்கல் குறியாக வைத்திருக்கிறேன். கலம் தெரிகிறது. சின்னதாக, வெள்ளையாக.

"சுடலை, தளத்துல ஏதோ வெளிச்சம் தெரியுது பாரு."

"நம்ம அண்ணாச்சிதான். ஆரத்தி எடுக்க வந்திருப்பாரு."

"அண்ணாச்சி, வெளையாடாதீங்க! தானா எறங்குது, நகருங்க!"

நகர மாட்டேன். கையால் ஓட்டு தாயி, கையால் ஓட்டு. என் வாயில் இருப்பது உன் காதுக்கு வர மாட்டேன் என்கிறதே.

15:54

இன்னும் நேராகத்தான் வருகிறது. "அண்ணாச்சி, ஐயோ, நகருங்க அண்ணாச்சி!" அழுகிறாள். சுடலைமணியும் கத்துகிறான். நான் கையை இறக்கவில்லை.

15:55

"கையில எடுத்துட்டேன். விலக்குறேன். பிடிச்சுக்கோ சுடலை!"

தலைக்கு மேலே போய்விட்டது. வடக்கே. கலத்தின் நெருப்பு வீச்சு தூசியை வாரி அடிக்கிறது. எனக்காகத்தான் விலகினாள். என்னவானாலும் விலகிவிட்டாள். போதும்.

15:57

இறங்கிவிட்டார்கள். வடக்கே விளக்குத் தெரிகிறது. சுடலைமணி என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான், திட்டட்டும்.

காலடியில் அதிர்வு. அவர்கள் இறங்கியது பாறை வழியாக வந்திருக்கும். வெடிப்பு இப்போது எனக்கு இரண்டு பக்கமும் ஓடுகிறது. அசையாமல் நிற்கிறேன். கயிறு கொண்டுவந்திருக்கலாம். தோன்றவில்லை.

15:58

"அண்ணாச்சி! உங்க மெசேஜ் இப்பதான் வருது! தளத்துல கால் வைக்காதீங்கன்னு போட்டிருக்கு! நீங்க ஏன் அங்கன நிக்கிறீங்க? அண்ணாச்சி, கேக்குதா? நாங்க கயித்தோட வாறோம், அசையாதீங்க, அசையா