சபூறா என்று பெயர் வைத்த எழுத்து

அன்புப் பேரன் முஹ்ஸினுக்கு, றியாதிலிருந்து உம்மம்மாவின் ஸலாம். நான் சுகம்; உங்களையும் அல்லாஹ் நல்லபடி வைக்கட்டும். உன் சகோதரி பஸ்மிலா டீச்சராக இருக்கிறாள், தம்பி கெம்பஸில் பட்டத்துக்குப் படிக்கிறான், நீ கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வரையப் படிப்பிக்கிறாய் என்று எல்லோரிடமும் பெருமையடிக்கிறேன்.

ஆனால் மகன், என் கையெழுத்தென்று நம்பி நீ வரைந்து, 'சபூறா' என்று என் பெயரே வைத்த எழுத்து என்னுடையதல்ல. நீ என் கையெழுத்து மாதிரி கேட்டபோது, என் அஞ்சாம் வகுப்புக் கோணல் எழுத்துக்கு வெட்கப்பட்டு, பக்கத்து வீட்டில் வேலைசெய்யும் நஜீபாவைக்கொண்டு எழுதி அனுப்பினேன். "பேரனையே பேய்க்காட்டி ஏமாத்துறீங்களே மாமி!" என்று அவளே சிரித்தாள். நீ அனுப்பிய யாரோ ஒருவரின் கலியாணக் கார்டில் அந்த எழுத்தைக் கண்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

இதுவரை கசெட்டில்தான் கதைத்து அனுப்பினேன். இந்தக் கடிதம் நானே எழுதியது. இதைப் பார்த்து வரை, இல்லாவிட்டால் நஜீபாவின் பெயரை வை.

உன் புதுப் போட்டோ ஒன்று தபாலில் போடு. கோபமென்றால் அந்த முகத்தோடேயே எடுத்து அனுப்பு.