அடியில் ஒரு பேர்

சிவகாசி,
20.10.2008

அன்பு மகள் வேல்விழிக்கு,

போனில் சொன்னால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், அதனால் கடுதாசி. தாயி, உன் அப்பன் மலேசியா போகப்போகிறான்!

பிரவுசிங் சென்டர்க்காரன் மாரிக்கண்ணன் நீ வேலை பார்க்கிற கம்பெனியின் நட்புத் தளத்தைத் திறந்து காட்டினான். ஓரத்தில் விளம்பரம்: 'மலேசியா அச்சகத்துக்கு மெஷின் ஆட்கள் தேவை. படிப்பு தடையில்லை.' என்னைப் பார்த்தே எழுதினதுபோல இருந்தது.

நாம் அடிக்கிற நோட்டீஸில் அடியில் அச்சகத்தின் பேர் இருக்கும் அல்லவா? நாம் நோட்டீஸ் அடித்த முடி வளர்க்கும் தைலம் பொய்யானபோது ஊரே அச்சக வாசலில்தான் நின்றது. முதலாளி வழுக்கைத் தலையோடு வந்து பதில் சொன்னார். இந்தத் தளத்திலோ பக்கத்தின் உச்சியிலேயே உன் கம்பெனி பேர். அப்புறம் என்ன சந்தேகம்? தீபாவளி போனஸை முன்பணமாகக் கட்டிவிட்டேன். அச்சகத்தில் இன்னும் ஆறு பேர் வெள்ளிக்கிழமை கட்டுகிறார்கள்.

உன் அப்பா,
செல்லச்சாமி
(பத்தாம் வகுப்பு, மூன்று தடவை)

சென்னை,
22.10.2008

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறு பேரையும் தடுக்கச் சொல்லிப் போனில் கத்திவிட்டேன். சொல்ல முடியாததை எழுதுகிறேன். அது மோசடி. மேனேஜரிடம் கேட்டேன். "நாம இடம் மட்டுந்தான் கொடுக்கிறோம், பொறுப்பு இல்லைன்னு கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கோமே" என்றார். விளம்பரம் இன்னும் ஓடுகிறது.

ஒரு நாளைக்கு நானூறு விளம்பரம் வரும், அப்பா. இந்த மலேசியா விளம்பரத்துக்கும் பார்த்துச் 'சரி' போட்டது நான்தான்.

வேல்விழி

சிவகாசி,
24.10.2008

அன்பு மகளுக்கு,

அழாதே. ஆறு பேரும் பணம் கட்டவில்லை. என் போனஸ் மலேசியா போய்விட்டது, நான்தான் போகவில்லை. முதலாளி லட்சுமிகாந்தம் சிரித்த சிரிப்பில் மெஷினே நின்றது. "ஏலே செல்லச்சாமி, ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அடிச்ச கை, ஒரு நோட்டீஸை வாசிக்கத் தெரியலையேலே" என்றார். அப்புறம், "காகிதம் என் செலவு, ஊரை எச்சரிச்சு ஒரு நோட்டீஸ் அடிலே" என்றார்.

புரூஃப் இத்துடன். 'இந்த விளம்பரத்தை நம்பாதீர்கள். முதல் ஏமாளி: செல்லச்சாமி.' என் பேர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை தாயி! அதன் கீழே, 'விளம்பரத்தை வெளியிட்டவர்' என்று எழுதி இடம் விட்டிருக்கிறேன். உன் சோறு அங்கே. நிரப்புவதா, வெட்டுவதா, நீயே சொல். மை போட்டுக் காத்திருக்கிறேன்.

அப்பா

சென்னை,
26.10.2008

அப்பா,

அந்த விளம்பரத்தை இன்று காலை நானே எடுத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. தீபாவளி லீவு முடிந்ததும் கேட்பார்கள். வேலை போனால் உங்களோடு காகிதம் அடுக்க வருகிறேன்.

கம்பெனி பேரைப் போடுங்கள். அதன் கீழே, 'சரி பார்த்தவர்: செ. வேல்விழி.'

பொடி எழுத்தில் வேண்டாம்.

வேல்விழி