சாரங்கா நடித்துக் காட்டிய வருத்தம்

வட்டக்கச்சி,
12.07.2001

அன்பு மகள் சாரங்காவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகமா என்று கேட்டால் அதைக் கீழே சொல்கிறேன். மருமகன் லக்ஷனுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது பாதிக் காரணம். மீதிக் காரணம், இரவு முழுக்க நித்திரையில்லை.

நீ கொழும்புக்கு வந்தவர்களிடம் கொடுத்துவிட்ட பிரசர் குளிசைகள் போன மாதம் கைக்கு வந்தன. இங்கே கிளினிக்கில் தட்டுப்பாடு என்று நான்தான் உனக்கு எழுதினேன். நோர்வேயில் பாமசிக்குப் போய், தேங்காய் வாங்குவதுபோல இரண்டு பெட்டி வாங்கி அனுப்புவாய் என்று நினைத்த புத்திசாலி நான். டொக்டர் எழுதிய துண்டு இல்லாமல் தரமாட்டார்களாம், துண்டும் அவரவர் பெயருக்குத்தானாம் என்று நீ எழுதியதைக் கேட்டு வாயைப் பிளந்தேன்.

அதற்கு நீ செய்த வேலையை அம்மா உரக்க வாசித்தபோது சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. என் பிரசர் வருத்தத்தை உன் வருத்தமாக நடித்திருக்கிறாய். பாஷை தெரியாததால் கையாலேயே. பிடரியைப் பிடித்து, தலையைச் சுழற்றி, கதிரையைப் பிடித்துத் தள்ளாடி, அச்சொட்டாக என்னைப் போல. "டொக்டர் ஒரு கையில பிரசர் பார்த்தார், மற்றக் கையில பார்த்தார், படுக்க வைச்சும் பார்த்தார். பிடிபட்டிட்டன் எண்டு நினைச்சன் அப்பா. மனுசன் பேசாமல் குளிசை எழுதித் தந்திட்டார்" என்று எழுதியிருந்தாய். இரத்தம் சோதிக்க வரச் சொன்ன நாளில் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று போகாமல் விட்டதையும் எழுதியிருந்தாய். "என்ர பிள்ளை வெள்ளைக்கார டொக்டரையே ஏய்ச்சவள்" என்று பக்கத்து வயல் வீரகத்தியண்ணரிடம் புளுகினேன். "தேப்பனைப் போலத்தான்" என்றார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நேற்று கிளினிக் நாள். டொக்டர் என் பிரசரைப் பார்த்து, "நல்லா இறங்கியிருக்கே, என்ன ஐயா செய்தனீங்கள்?" என்றார். உன் பெட்டியை மேசையில் வைத்து, உன் நாடகத்தை முழுதாக நடித்துக் காட்டினேன். வரிசையில் நின்ற சனம் சிரித்தது. நேர்ஸ் மிஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"மகளுக்கு என்ன வயசு?" என்றார். இருபத்தாறு என்றேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, பிடரியைப் பிடிச்சு நடிக்கலாம். பிரசர் பார்க்கிற மெசினுக்கு நடிப்புத் தெரியாது. மூண்டு தரம் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். பிரசர் இல்லாத பிள்ளைக்கு ஆரும் இதைத் தரமாட்டினம். இது உங்கட மகளின்ர மருந்து."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கினதும் பெட்டியை வாங்கி, எத்தனை குளிசை விழுங்கினேன் என்று எண்ணினேன். மகள், ஒரு மாதமாக உன் மருந்தை நான் விழுங்கியிருக்கிறேன். பிளேன்ரீயோடு, நோர்வேக் குளிசை என்று பெருமை பேசிப் பேசி. குளிரில் தலை இடிக்கிறது என்று முந்தி நீ எழுதியபோது, தொப்பி போடு என்று பதில் எழுதிய பெரிய டொக்டரும் நான்தான். உனக்குச் சீதனமாக ஒரு துண்டு வயல்கூடத் தரவில்லை. தந்தது இந்தப் பிரசரைத்தான் போலிருக்கிறது.

அம்மாவுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை என் முகத்தில் பார்த்துவிட்டா. குசினியில் சோறு கரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் மணக்கவில்லை.

இனி நான் சொல்வதைக் கேள். அந்த நோர்வே டொக்டரிடம் திரும்பப் போ. குளிசையை நான் விழுங்கவில்லை, அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லு. சொல்லாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் இன்னும் பலமானதைத் தந்துவிடுவார் என்று கிளினிக் டொக்டர் சொன்னார். இந்த வயதில் ஏன் வந்தது என்று இரத்தம், சலம் எல்லாம் பார்க்க வேண்டுமாம். கேட்டால் தமிழ் கதைக்கிற ஆளை ஒழுங்கு செய்வார்கள் என்று நீயே எழுதியிருந்தாய், வெட்கப்படாமல் கேள். விசாவில் கை வைப்பார்களோ என்று பயப்படாதே. நீ பொய் சொல்லப் போய் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாய், பிள்ளை.

என்னைப் பற்றி யோசிக்காதே. டொக்டர் கிளினிக்கில் இருந்ததில் கொஞ்சம் தந்தார், உப்பைக் குறைக்கவும் சொன்னார். ஆனையிறவு உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு உப்பில்லாமல் சாப்பிடப் பழகுகிறேன்.

முன்வீட்டு வீரையா நாளைக்கு வவுனியாவுக்குப் போகிறார். இந்தக் கடிதத்தை அங்கே தபாலில் போட்டுவிட்டு, இங்கே போன் இல்லாதபடியால் அங்கிருந்தே உனக்குப் போனும் எடுப்பார். "டொக்டரிட்டப் போ" என்று மட்டும்தான் சொல்லுவார். ஏன் என்று கேட்டு மினைக்கெடாதே, போ.

உன் பெட்டியில் மிஞ்சின குளிசைகளை அம்மா சாமிப் படத்தடியில் வைத்திருக்கிறா. வற்றாப்பளை அம்மனுக்கும் நேர்ந்திருக்கிறா. ஆனால் அம்மனுக்கு நோர்வேப் பாஷை தெரியாது மகள். நீதான் போய்ச் சொல்லவேண்டும். நான் பிடரியைப் பிடித்தபடி இன்னும் கனகாலம் திரிவேன். நீ என்னைப் போல நடித்தது போதும். "என்ர குளிசையை நானே விழுங்கினன்" என்று ஒரு வரி எழுது. வேறொன்றும் அனுப்பவேண்டாம்.

நீ நல்லாயிருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு,
உன் மருந்தைக் குடித்த அப்பா
யோகலிங்கம்