நீ சேர்க்காத வரி

எழுத்து கோட்டில் நிற்காமல் இறங்கி ஓடுகிறது; பொறுத்துக்கொள். அறுபத்தெட்டு வயதில் பழகிய கை. ஆனாலும் இது முழுக்க நானே எழுதுவது. முதியோர் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். ஒரகடம் பஸ் பலகை, மாத்திரை அட்டை, யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையானாலும் விடுவதில்லை. அந்த ஆசையில்தான் இன்று காலை தகரப் பெட்டியில் கிடந்த தாளையும் எடுத்தேன். நம் கம்பெனியை மூடியபோது நான் ரேகை வைத்த தாளின் நகல்.

மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்.' நான்கு முறை படித்தேன். அப்படியேதான் இருக்கிறது.

ரேகை வைக்கிற நாங்கள் ஒரே ஆள் படித்துக் கேட்டு எதையும் நம்ப மாட்டோம். இரண்டாவது ஆளிடமும் கொடுப்போம். இரண்டும் ஒத்துப்போனால்தான் கட்டைவிரல் மையில் படும். அன்று முதலில் படித்தவன் நீ, எங்கள் சங்கச் செயலாளர். அஞ்சாவது வரை படித்தவன், திக்கித் திக்கிப் படித்தாய்.

"இதுல ரேகை வச்சா நீயா வேலைய வுட்டதா ஆயிடும்பா. வேலை போனவனுக்கு ஈ.எஸ்.ஐ.ல குடுக்கறதும் கெடைக்காது. பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேணும், உனக்கு இன்னும் எட்டு மாசம் பாக்கி கீது. நம்மள வேற பிளாண்ட்டுக்கு மாத்தச் சொல்லி சங்கம் பேசிகினுகீது. எல்லாரும் கைய கட்டிகினு நில்லுங்க, போதும்."

இரண்டாவதாகப் படித்தவர் கம்பெனி அதிகாரி. தண்ணீர் மாதிரி படித்தார். "செட்டில்மென்ட் வாங்கினதுக்கு ரசீதுங்க. வேற ஒண்ணும் இல்ல."

திக்குகிறவன்தான் யோசித்து யோசித்துச் சேர்க்கிறான் என்று எனக்குப் பட்டது.

"சங்கத்துக்குத் தோதா நீயே ஒரு வரி சேத்துகினு படிக்கிற" என்றேன், எல்லார் முன்னாலும்.

"சேத்துப் படிக்க இது இன்னா தெருக்கூத்தாபா?" என்றாய்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் ரேகை என்னுடையது. என்னைப் பார்த்து ஒன்பது பேர் வைத்தார்கள். வைக்காத நீங்கள் ஆறு பேர் அடுத்த பிளாண்ட்டுக்குப் போனீர்கள், பென்ஷனும் வாங்கினீர்கள். நான் இன்னும் ஒரு கிடங்கு வாசலில் காவல் நிற்கிறேன்.

பிறகொரு நாள் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொன்னாய். நான் குடிக்காமல் பஸ் ஏறினேன். போன ஆடியில் உன் சாவுக்கு வந்து மாலை போட்டபோதும், அந்த ஒரு பொய்யைத் தவிர நல்லவன்தான் என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பினேன்.

நானும் இப்போது உன்னைப் போலத்தான் திக்கித் திக்கிப் படிக்கிறேன். தாளில் இருப்பதைப் படிக்கிறவனுக்குத்தான் திக்கும். இல்லாததைச் சொல்கிறவர் எங்கே திக்கப் போகிறார்?

அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் இருக்கிறார்கள். நீ வரி சேர்த்தாய் என்று இன்றும் சொல்கிறார்கள். நான் சொல்லிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்தில் அவர்களில் ஒருவன் வீட்டுக்குப் போகிறேன். அவன் என்னையும் நம்ப மாட்டான். "நீயும் சேத்துகினு படிக்கிறியா?" என்பான். நான் கோபப்பட மாட்டேன். பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டு இரண்டாவது முறை படிக்கச் சொல்வேன். கேட்டுவிட்டு அவன் உன்னைப் பற்றி என்ன சொன்னான் என்பதை அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.