சுகப்பிரியாவுக்கு நான் போட்ட மார்க்கு

ஜூன் 9, திங்கள்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு வந்து, நம்ம ஷேர் ஆட்டோ என்று நினைத்து கூட வண்டி ஓட்டுகிற மொக்கையனின் ஆட்டோவில் ஏறிச் சாவியைச் செருகினேன். நுழையவில்லை. சாவியைத் திட்டினேன், வண்டியைத் திட்டினேன், வண்டியை விற்றவனைத் திட்டினேன். பின்னால் நாலு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மொக்கையன் வெளியே நின்று, "இறங்காதண்ணே. ரெட்டியபட்டிக்கு ஒரு நடை போயிட்டு வந்துரு, நான் வீட்டுக்குப் போறேன்" என்றான்.

வீட்டில் சொன்னதும் மகள் சுகப்பிரியா சிரித்துவிட்டு நோட்டை எடுத்தாள். மதுரையில் மூன்று வருசம் சைக்காலஜி படித்தவள். மனுச குணத்தை ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். புதுசைத் தேடுவது, ஒழுங்கு, கலகலப்பு, இணங்கிப் போவது, சட்டென்று மனசு கலங்குவது. ஐந்தும் எல்லோரிடமும் உண்டு, அளவுதான் வேறயாம். என்னை ஐம்பது கேள்வி கேட்டாள். கலகலப்பில் நான் உச்சம். ஒழுங்கில், "இதுக்குக் கீழ அளக்க முடியாதுப்பா."

"அப்ப பெயிலா?"

"இதுல பாஸு பெயிலெல்லாம் கிடையாதுப்பா. எம்புட்டு இருக்குன்னுதான் பாப்பாக."

பத்தாவதோடு நின்றவன் நான். மார்க்கு என்று ஒன்று போட்டால் பாஸும் பெயிலும் இல்லாமலா போகும்?

ஜூன் 12

சுகப்பிரியாவுக்குக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் வேலை வருகிற மாதிரி இருக்கிறது. ஊர் ஊராய்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கூச்சமில்லாமல் பேசப் பழக்க வேண்டும். பரீட்சையிலும் தேறிவிட்டாள், இன்டர்வியூவிலும் தேறிவிட்டாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. தன் குணத்தைப் பற்றி அவள் போனில் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். அவளைப் பற்றி வீட்டில் ஒருவர் அதே ஃபாரத்தை நிரப்ப வேண்டும். அதை அவள் பார்க்கக் கூடாது.

என் வீட்டுக்காரி முருகலட்சுமி, "அந்தக் கருமமெல்லாம் எனக்கு வராது" என்று போனை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"உள்ளத உள்ளபடி போடுங்கப்பா. இது போச்சுன்னா அம்மா என்னய நரிக்குடிக்காரகளுக்குக் காப்பி கொண்டாந்து குடுக்கச் சொல்லிரும்."

"உங்கப்பன் என்னைக்குத் தாயி பொய் சொல்லியிருக்கேன்?"

அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

ஜூன் 14

ரெட்டியபட்டியில் ஆள் சேரும்வரை வண்டியில் உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பினேன். கொஞ்சமும் பொருந்தாது என்றால் ஒன்று, முழுக்கப் பொருந்தும் என்றால் ஐந்து.

'முன்பின் தெரியாதவர்களிடம் தானாகப் பேசுவார்.' இதிலென்ன சந்தேகம்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு எத்தனையாவது மாசம், சீமந்தம் என்றைக்கு என்பதுவரை கேட்டுக்கொண்டு வருகிறவள். விரல் ஐந்துக்குத்தான் போனது.

அப்புறம் யோசனை வந்தது. கோயம்புத்தூரில் எவனோ ஒருத்தன் உட்கார்ந்து படிப்பான். பொம்பளப் பிள்ளையைப் பற்றிப் பெற்ற அப்பனே இப்படியா சொல்வது? போன மாசம் நரிக்குடியிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள், "பிள்ளை எப்படி?" என்றபோது என்ன சொன்னேன்? "இருக்கிற இடம் தெரியாது. அதிர்ந்து ஒரு வார்த்தை வராது." அந்நேரம் பார்த்து அடுப்படியில் அவள் ஆத்தாளோடு சண்டை போடும் சத்தம் கேட்டது. டிவி என்று சொன்னேன்.

ஒன்று போட்டேன்.

'தவறு என்று பட்டதை முகத்துக்கு நேரே சொல்வார்.' ஒன்று. 'பெரியவர்கள் சொல்வதை மறுபேச்சின்றி ஏற்பார்.' ஐந்து. 'தெரியாத ஊருக்குத் தனியாகப் போகத் தயங்க மாட்டார்.' ஒன்றுக்கும் கீழே ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.

ஐம்பதையும் முடித்துவிட்டுப் பார்த்தால் படிக்கவே அழகாக இருந்தது. அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 15

"போட்டீங்களாப்பா?" "போட்டேன். நூத்துக்கு நூறு."

ஜூலை 2

வேலை இல்லை என்று மெயில் வந்தது. அவளே போன் போட்டுக் காரணம் கேட்டிருக்கிறாள். அவள் தன்னைப் பற்றிச் சொன்னதும் வீட்டில் சொன்னதும் எதிரும் புதிருமாக இருக்கிறதாம். ஒதுங்கிப் போகிற சுபாவம் இந்த வேலைக்கு ஒத்து வராதாம்.

சாப்பிட உட்கார்ந்தவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கத்துவாள், தட்டு பறக்கும் என்று காத்திருந்தேன்.

"என் மேலதாம்ப்பா தப்பு" என்றாள். "என்னயப் பத்தி நானே பெருசா நெனச்சுப் போட்டுட்டேன். நமக்கே தெரியாத நம்ம கொணம் கூட இருக்கவுகளுக்குத் தெரியும்னு நானே பரீட்சையில எழுதியிருக்கேன். நீங்க உள்ளதத்தான போட்டிருப்பீங்க?"

தலையாட்டினேன். ஏண்டா ஆட்டுன? எனக்கே தெரியவில்லை. ஆட்டினேன்.

ஜூலை 3

கம்பெனிக்குப் போன் போட்டேன். "தப்பாப் போட்டுட்டேம்மா, அத்தனையும் மாத்தணும்" என்றேன்.

எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "ரிசல்ட் வந்தப்புறம் நிறைய அப்பாக்கள் இப்படித்தான் சார் கூப்பிடுறாங்க. ஒரு தடவ அனுப்பிட்டா மாத்த முடியாது."

"அவ வாயாடிம்மா. நெசமாவே வாயாடி."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 8

தெரியாமத்தான் செஞ்சேனா? தனியா ஊருக்குப் போறதப் பத்திக் கேட்டதுக்கு ஒன்னு போட்டப்ப — போயிருவாளேன்னு இருந்துச்சா இல்லையா? எழுதுடா, யாரு படிக்கப் போறா?

இருந்துச்சு.

ஜூலை 13

வீடு அமைதியாக இருக்கிறது. "இப்பத்தான் பிள்ளைக்குப் புத்தி தெளிஞ்சிருக்கு" என்று முருகலட்சுமிக்கு ஒரே சந்தோசம்.

இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று, "தாயி, அந்த ஃபாரம் இருக்குல்ல…" என்று ஆரம்பித்தேன்.

"விடுங்கப்பா. அத நெனச்சுக்கிட்டு நீங்க வருத்தப்படாதீங்க."

அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். வீட்டில் பால் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

டவுனுக்குப் போய்விட்டு சுகப்பிரியாவும் நம்ம வண்டியில்தான் திரும்பினாள். அவளுக்குப் பக்கத்தில், மடியில் ஆட்டுக்குட்டியோடு கருத்தம்மாள் என்று ஒரு அம்மா. பாதி வழியில் ஏறிய வெள்ளைச் சட்டைக்காரர், "நாத்தம் தாங்கல. குட்டியத் தூக்கிக்கிட்டு எறங்கு, அடுத்த வண்டியில வா" என்றார்.

கண்ணாடியில் மகளைப் பார்த்தேன். போன மாசமாக இருந்தால் இந்நேரம் அந்த ஆள் ரோட்டில் நின்றிருப்பார். வண்டியை மெதுவாக்கிக் காத்திருந்தேன். அவள், அந்தம்மா இறங்க வசதியாக முழங்காலை ஒதுக்கிக் கொடுத்தாள்.

கடைசியில் நானே வண்டியை நிறுத்தினேன். "அண்ணாச்சி, குட்டி முதல்ல ஏறுச்சு. நீங்கதான் அடுத்த வண்டி பாக்கணும்." முறைத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

எல்லோரும் இறங்கி வண்டி காலியான பிறகு கேட்டேன். "ஏந்தாயி, நீ ஒன்னுமே சொல்லல?"

"நான் என்னைக்குப்பா அப்பிடியெல்லாம் பேசியிருக்கேன்? எனக்குத்தான் அந்தக் கொணமே கிடையாதே."

வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. என் கண்ணு கறுப்பு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

வாயைத் திறந்தேன். "துப்பட்டாவ உள்ள இழுத்துக்க, சக்கரத்துல மாட்டும்" என்றுதான் வந்தது.

வாயில் வராததை இங்கே எழுதி வைக்கிறேன்: நீ உன்னயப் பத்திப் போட்டதுதான் சரி தாயி, அப்பன்தான் பொய் போட்டுட்டேன்.