முதல் பக்கத்தில் பதினோரு மாதம்

அன்புத் தோழி,

உன் கணவர் ஜூமாபெக்கைப் பற்றி நீ எழுதிய நோட்டை நேற்று படித்து முடித்தேன். ஆமாம், இப்போதுதான்.

அவர் இறந்த வருஷம், "நீதான்டி முதல்ல படிக்கணும்" என்று கொடுத்தாய். பதினோரு மாதம் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. ஒரு வரி முடிந்ததும், ஏதோ ஒரு சொல்லை விட்டுவிட்டேன் என்று தோன்றும். விட்டால் என் மகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம் வரும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். என் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளைக்கூட என் கணவர்தான் திருத்தினார்.

நம் ஊர் நாரின் சந்தையில், "என் வீட்டுக்காரர் கதை உனக்கு அவ்வளவு கசக்குதாடி?" என்று கேட்டாய். உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்பாயோ என்று பயந்து, உருளைக்கிழங்கு விலை கேட்பதுபோல் திரும்பிக்கொண்டேன். நீ பிஷ்கெக் நகரத்துக்குக் குடிபோனபோது வழியனுப்பவும் வரவில்லை.

வசந்தத்தில் மருத்துவர் நுர்ஸாத்திடம் போனேன். இதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம், வைத்தியமும் இருக்கிறதாம். "சந்தேகம் வந்தா வரட்டும் அக்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க அடுத்த வரிக்குப் போங்க" என்றாள். முதல் நாள் நான்கு வரிதான் படித்தேன். வியர்த்துக் கொட்டியது.

நேற்று, ஜூமாபெக் குதிரைமேல் தூங்கிப்போய், குதிரை அவரை உன் அம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திய இடம் வந்தது. நான் சிரித்த சிரிப்பில் என் கணவர் கொட்டகையிலிருந்து ஓடி வந்தார். பிறகு அழுதேன். சில சொற்கள் தப்பியிருக்கும். இருக்கட்டும். மகள் எப்போதும்போல் பசியோடு வீட்டுக்கு வந்தாள்.

சனிக்கிழமை காலை வண்டியில் பிஷ்கெக் வருகிறேன். திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்து வை, முழுசாகக் கேட்கிறேன்.

உன் பள்ளித் தோழி